தோளில் கிடக்கும் துண்டு

முழங்கை வரை நுரை. நகத்திடுக்கிலும் நுரை.

விடிந்ததிலிருந்து வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிய கை. வாசம் லேசில் விடுமா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தனியறைக் கட்டிலில், மகள் சங்கவி கண்மூடிக் கிடந்தாள். நெஞ்சுச் சளி என்றுதான் கொண்டுவந்தான். மருந்துக்கு அடங்காத கிருமி என்றார்கள். மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது ஏறுவதுதான் கடைசி மருந்து.

அதற்கப்புறம் என்ன என்று விசாரிக்க அவனுக்கு வாய் வரவில்லை.

அவளும் பேசவில்லை. வீட்டில் அவள் வாயை மூட மிட்டாய் வாங்கித் தர வேண்டும். இங்கே வந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை.

குழாயை மூடினான். கை தன்னால் தோளுக்குப் போனது. துண்டை எடுத்துத் துடைத்தான்.

"அண்ணே!"

ரெஜினா சிஸ்டர்.

"அதத்தான தலையில சுருட்டி வச்சு மூட்ட தூக்குறீங்க? தெனமும் இதே கூத்து. இந்தக் கிருமி பத்தாதுன்னு மண்டியில இருந்து வேற சொந்தபந்தத்தக் கூட்டியாரீங்களா? போங்க, மொதல்ல இருந்து."

பாரம் இறங்கினால் துண்டில் கை துடைப்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசித்தா செய்கிறான்?

மறுபடி நுரை. மறுபடி தண்ணீர்.

சிஸ்டரை யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். கை மறுபடி தன்னால் தோளுக்குப் போனது.

பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான்.

ஒரு சின்னக் கை அதைத் தட்டிவிட்டது.

கண் திறந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"யப்பா. திரும்பவும் துண்டுல தொடச்ச. கண்ணாடி வழியா பாத்துட்டேன். போ. மொதல்ல இருந்து."

அவன் நின்றான்.

பிறகு ஓடினான்.

குழாயடிக்குத் திரும்பி வந்த சிஸ்டர் அவனைப் பார்த்தார். "இப்பத்தானண்ணே கழுவுனீங்க?"

"உள்ள ஒரு பெரிய சிஸ்டர் இருக்காங்கல்ல. வெரட்டிவிட்டுட்டாங்க."

சிஸ்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றார். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். நடையா அது?

அவன் கையைக் கழுவினான். முகத்தையும் சேர்த்துக் கழுவினான்.

முகம் சொட்டச் சொட்ட நின்றான்.

துண்டைத் தொடவே இல்லை.