லேட்டுக்கு மட்டும் ஃபில்டர் இல்லை

"எல்லாத் தலைப்புலயும் ஃபில்டர் அம்புக்குறி வருது. ‘லேட்’டுல மட்டும் காணோம். இன்னாதான் புரோகிராம் எழுதிக்கினு இருக்குதோ அந்தப் பொண்ணு."

கேன்டீன் வரிசையில் எச்.ஆர். அன்புராஜ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் தட்டோடு நின்ற நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கும்மிடிப்பூண்டி கம்பெனியின் வருகைப் பட்டியலை மாதாமாதம் எக்செல்லில் போட்டுத் தருவது அவள் எழுதிய புரோகிராம்தான். அம்புக்குறியைத் தட்டி ‘மூன்று நாளுக்கு மேல்’ என்று கொடுத்தால், அத்தனை நாள் லேட்டாக வந்தவர்களின் பெயர்கள் மட்டும் நிற்கும். நின்ற பெயர்களுக்கு மறுமாதம் கான்ட்ராக்ட் கிடையாது.

மதியம் மேனேஜர் சந்திரமோகன் இருவரையும் கூப்பிட்டார்.

"புரோகிராம்ல தப்பாம்மா?"

"இல்ல சார். வேணும்னுதான் எடுத்தேன்."

"பாத்தீங்களா சார்" என்றான் அன்புராஜ்.

"நீ சும்மா இருப்பா. ஏம்மா எடுத்த?"

நர்மதா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன மாசம் கெங்கம்மாள்னு ஒரு அக்காவை நிறுத்தினீங்க சார். நாலு நாள் லேட். பழவேற்காட்டுல ரோட்டு மேல ஏரித்தண்ணி, பஸ் வரல. கேட்ல செக்யூரிட்டி காரணத்தை எழுதி வெச்சிருந்தாரு. நான்தான் டைப் பண்ணேன். பட்டியல்ல கடைசிக் கட்டத்துல இருக்கு சார். அதுவரைக்கும் யாரும் போறதில்ல."

அன்புராஜ் சிரித்தான். "அம்புக்குறியை மறைச்சிட்டா ஆச்சா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எல். மூணு கீயையும் சேத்து ரெண்டு தபா அழுத்துங்க சார், தானா வரும்."

அது நர்மதாவுக்கும் தெரியும்.

சந்திரமோகன் அழுத்தினார். அம்புக்குறி வந்தது. தட்டினார். முன்னூறு பேர் மறைந்து ஏழு பேர் நின்றார்கள். முதல் பெயர் வரதன், ஐந்து நாள்.

"நம்ம வேலை முடிஞ்சுது சார்" என்றான் அன்புராஜ்.

சந்திரமோகன் பட்டியலை வலது பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசிக் கட்டம் வந்தது. ‘அம்மா பெரியாஸ்பத்திரியில்.’

ஃபில்டரை எடுத்தார். காரணக் கட்டத்தை இழுத்துவந்து பெயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு போன மாதப் பட்டியலைத் திறந்து, கெங்கம்மாளின் நம்பரைத் தேடிப் போன் போட்டார்.