ஆறு பட்டன்

"எம்... எம்!" என்று பெரியண்ணன் கத்தினார்.

பெர்மெத் அண்ணி 'ஏ'யை அழுத்தினாள். டிவியில் அவளுடைய சிப்பாய் குண்டை எறியாமல் குனிந்து உட்கார்ந்தான். புதருக்குள்ளிருந்து வந்த இரண்டு பேர் அவனைச் சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போனார்கள்.

"ஐயோ, செத்துட்டேனா?" என்றாள் அண்ணி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே.

"மூணு மாசமா தினம் சாகறே" என்றாள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல். "ஆறே ஆறு பட்டன். ஓ இடது, பி வலது, க்யூ குதிக்க, ஏ குனிய, எம் குண்டு, நீளமா இருக்கிறது சுட. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. இவ பிஷ்கெக்ல காலேஜ் படிச்சவளாம்!"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜோமார்த் பெரியண்ணனுக்குச் செப்டம்பரில் பக்கவாதம் வந்தது. மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கையும் நாக்கும் விழுந்துவிட்டன. "ஆறு மாசத்துக்குள்ள பேச முயற்சி பண்ணணும். இல்லைன்னா இப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர்.

வீட்டில் அவர் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. கண்ணைத் திருப்பினால் தேநீர் வரும். முகத்தைச் சுளித்தால் தலையணை வரும். அம்மா அவ்வளவு வேகம்.

கைக்காவது பயிற்சியாக இருக்கட்டும் என்று, அவருடைய சின்ன வயது கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். கேசட்டிலிருந்து ஏற்றுகிற காட்டுச் சண்டை விளையாட்டு. இரண்டு பேர் மாறி மாறி ஆட வேண்டும். எனக்குக் கல்லூரி. எமில் அண்ணன் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். மிஞ்சியது அவன் மனைவி பெர்மெத் அண்ணிதான்.

எங்கள் வழக்கப்படி, கணவனின் அண்ணன் பெயரைக்கூட அவள் வாயால் சொல்லக் கூடாது. அவரும் தம்பி மனைவியின் விரலைப் பிடித்து "இதுதான் எம்" என்று காட்ட முடியாது. திரையில் எதிரிகளோ காத்திருப்பதில்லை. அவள் ஆடும்போதெல்லாம் பெரியண்ணன் பக்கத்து நாற்காலியில் துடிப்பார்.

முதல் வாரம் "ஓ... ஓ..." என்று மட்டும் வந்தது. டிசம்பரில் "கு... னி." ஜனவரியில் "வலது! வலது!" என்று தெருவுக்கே கேட்டது.

"ஆட்டுவால் கொழுப்பு சூப் வேலை செய்யுது" என்றாள் அம்மா. கிண்ணத்தைப் பெரிதாக்கினாள்.

பக்கத்து வீட்டு சோனுன் அத்தை வந்தால் டிவி இருக்கும் அறை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"என்னடி இது, இவ்வளவு மண்டுவா இருக்கா? மூத்தவர் கத்தறதைக் கேட்டாவது வெட்கம் வர வேணாமா?"

"கை நல்ல கை, சோனுன். அவ பிசைஞ்சா ரொட்டி பஞ்சு மாதிரி வரும்" என்று அம்மா தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "இதுதான் காலி."

"படிப்பு ஜாஸ்தியானா அப்படித்தான்."

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அண்ணியின் சிப்பாய் பாலத்தில் ஏறாமல் நேராக ஆற்றுக்குள் நடந்தான். பெரியண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"உன் கண்ணு... எங்க... இருக்கு?"

அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ஓடிவந்து அவர் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"திட்டு வாங்கிட்டு இளிக்கறா பாரு" என்றாள் அம்மா அழுகைக்கு நடுவில்.

கடவுளுக்கு நன்றியாக ஓர் ஆட்டை வெட்டி விருந்து வைத்தோம். அண்ணியின் அப்பா பாலிக்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். டிவி பழுதுபார்க்கிறவர், சத்தமாகப் பேசுகிறவர். கூட்டத்தில் களைத்துப்போன பெரியண்ணன் டிவி இருந்த உள்ளறைக்குப் போய்விட்டார். விளையாட்டின் துப்பாக்கிச் சத்தம் அங்கிருந்து லேசாகக் கேட்டது.

அம்மா சம்பந்திக்கு நல்ல கறி எலும்பாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, சம்பந்தி. உங்க பொண்ணு தங்கம். ஆனா தலைதான் கொஞ்சம்... ஒரு காட்டுச் சண்டை விளையாட்டு. மூணு மாசமா அந்தப் பாலத்தைத் தாண்டத் தெரியலை. என் பையன் தொண்டை வத்தக் கத்தறான்."

அவர் தேநீர்க் கிண்ணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"எது? உள்ள சத்தம் கேக்குதே, அதுவா?" என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அட, அதே மாதிரிப் பெட்டி எங்க கடையிலயும் இருந்ததே! ஏழு வயசுல இவ அந்தப் பாலத்தை ஒரு உயிர்கூட விடாம தாண்டுவா. ரிப்பேருக்கு வர்ற பெரிய பெரிய ஆளுங்களையெல்லாம் உக்கார வெச்சு..."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று குனிந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, மெல்ல! உள்ள அவர் காதுல விழப்போகுது. இப்பத்தான் நாலு வார்த்தை சேர்த்துத் திட்ட ஆரம்பிச்சிருக்கார்."