கிணற்றுப் பெரணி

புவனகிரி வீட்டுக் கிணற்றைத் தூர்த்த அன்று, அதன் சுவரில் வளர்ந்திருந்த பெரணிச் செடியைச் சந்திரலேகா பெயர்த்து வந்தாள். சிதம்பரம் வீட்டின் பின்புற நிழலில், செம்புராங்கற்களுக்கு நடுவே நட்டாள். மூன்று மாதமாக மழையில்லை. அவளும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் இலைகள் தினமும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"ஏங்க, இதுக்கு நீங்க தண்ணி ஊத்துறீங்களா?" என்று கணவன் ஸ்ரீதரைக் கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்லியா?"

"கிணத்த மூடுறப்ப, அது மூச்சு விட பைப்பு வச்சீங்கல்ல?"

"அதெல்லாம் வேணாம்னுட்டேன்."

மறுநாள் மதியம் களையெடுக்கும்போது, கூழாங்கல் ஒன்று கைதவறிக் கற்களின் இடுக்கில் விழுந்தது. சத்தமே இல்லை. அவள் நாலு களை பிடுங்கிய பிறகு, வெகு ஆழத்தில் 'தொபுக்' என்றது.

காற்றில்லை. பெரணி இலைகள் ஒருசேர மேலெழும்பின, அடங்கின, மறுபடி எழும்பின.