ஒளி அளவு சுழியம்

"மறுபடியும் இருட்டும்மா. பத்து எண்ணுறதுக்குள்ள கண்ணை மூடிக்கிச்சு" என்றார் தெட்சிணாமூர்த்தி.

திருமலைராயன்பட்டினத்தில், தன் வீட்டு மாடியறையில், கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்த நௌஷின் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தேகால். ஆறு மணிக்குள் காரைக்காலில் இருக்கும் அந்த மடிக்கணினியின் திரை ஒளிர்ந்தாக வேண்டும்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையமான கெர்னலில், மடிக்கணினித் திரையை இயக்கும் டிரைவர் நிரலை அவள் புதுப்பித்திருந்தாள். பழைய டிரைவருக்குத் திரையை ஒளிரச் செய்ய மட்டுமே தெரியும். புதியதோ, கேமராவை ஒட்டியுள்ள எள்ளளவுச் சென்சாரின் வழியாக அறையின் வெளிச்சத்தை அளந்து, அதற்கேற்பத் திரையின் ஒளியைக் கூட்டும், குறைக்கும்.

இரண்டாண்டு உழைப்பு. லினக்ஸின் இந்தப் புதிய வெளியீட்டில் அது சேர்ந்தால் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு நிரந்தர வேலை. சேராவிட்டால் அந்நிறுவனத்தோடு இப்போதுள்ள தற்காலிக ஒப்பந்தமும் இன்றோடு முடிந்துவிடும். எஞ்சியிருந்தது ஒரே ஒரு நிபந்தனைதான். வேறொருவர், வேறொரு கணினியில் சோதித்துப் பார்த்து, 'ஒளிர்கிறது' என்று தம் பெயரிட்டு எழுத வேண்டும்.

அவளுடையதைப் போன்ற கணினி, அவள் விசாரித்த வரையில், தெட்சிணாமூர்த்தியிடம் மட்டுமே இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினிக் கடை நடத்தும் அவர், அவளுடைய வாப்பாவின் நெடுநாளைய நண்பர். ஆயுதபூசையை முன்னிட்டு முதல்நாள் கடையில் எந்தக் கருவியையும் தொடாதவர், இன்று மதியத்திலிருந்து அவளுக்காகவே உட்கார்ந்திருந்தார்.

பழைய டிரைவரைப் போடச் சொன்னாள். போட்டார், படம் பளிச்சென்று வந்தது. புதியதைப் போட்டார், சில நொடிகளில் இருண்டது. வெளியே தனித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தபோது, அதில் மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

குற்றம் தன் நிரலில்தான் என்பதில் நௌஷினுக்கு ஐயம் குறைந்துகொண்டே வந்தது. இருந்தாலும், இணையத்தின் வழியே அந்தக் கணினிக்குள் நுழைந்து, அது எழுதிவைத்திருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஓரிடத்தில் கண் நின்றது. அறையின் ஒளி அளவு: சுழியம்.

"மாமா, கடையில லைட் எரியுதா?"

"எல்லா ட்யூப்லைட்டும் எரியுது. வாசக்கதவும் திறந்துதான் கிடக்கு. ஏம்மா?"

கைப்பேசியின் டார்ச்சைத் திரையின் மேல்விளிம்பில் அடிக்கச் சொன்னாள்.

"அடிச்சாச்சு. எனக்குத்தான் கண்ணு கூசுது, அதுக்கு ஒண்ணும் உறைக்கல."

சுழியம் அசையவில்லை. அவளுடைய கணினியிலோ, சன்னலைத் திறந்தால் அதே எண் ஏறியது, மூடினால் இறங்கியது. முப்பத்தெட்டு நாளாக ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஒரே மாதிரிக் கணினிகளிலும் திரைகளை வெவ்வேறு நிறுவனங்கள் செய்து தருவதுண்டு. அவர் கணினியின் சென்சார் வேறாக இருக்கலாம். அதைப் படிக்கத் தன் நிரலுக்குத் தெரியவில்லை என்று முடிவுசெய்தாள். நான்கு முறை மாற்றி எழுதி, நான்கு முறை அனுப்பினாள். நான்கு முறையும் தெட்சிணாமூர்த்தி தயங்கித் தயங்கி அதே விடையைச் சொன்னார்.

நேரில் போய்ப் பார்க்கலாம். போய்ச் சேர்ந்து உட்காருவதற்குள் ஆறு மணி கடந்துவிடும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மங்கின.

ஐந்தே முக்காலுக்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒளிருதுன்னு நானே எழுதிக் குடுத்துடறேம்மா. கடல் தாண்டி யாரு வந்து என் கடையில எட்டிப் பார்க்கப்போறா?"

நௌஷின் உடனே மறுக்கவில்லை. அவர் எழுதவேண்டியது ஒரே ஒரு வரி. அந்த வரியை அவளே மனத்துக்குள் இரண்டு முறை எழுதியும் பார்த்துவிட்டாள்.

"வேணாம் மாமா" என்றாள் கடைசியில். "இருட்டை வெளிச்சம்னு எழுதிட்டா, நாளைக்கு எத்தனை பேரோட திரை இருண்டு போகும்? அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்றது?"

பிழையைப் பிறர் தலையில் கட்டுவதே திறமை என்று கொண்டாடப்படும் காலம் இது. அவள் அவ்வாறு செய்யவில்லை. 'பிழை என்னுடையது. என் நிரல் அறையின் வெளிச்சத்தைத் தவறாகப் படிக்கிறது. ஆகையால் இதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி, ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நிறுவனத்துக்கு அனுப்பினாள்.

விடை ஆறு மணி கடந்து ஐந்தாவது நிமிடத்தில் வந்தது. அவளுடைய நேர்மைக்கு நன்றி. இந்த வெளியீட்டின் வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தமும் இத்துடன் நிறைவடைகிறது. மூன்றே வரிகள்.

கைப்பேசியை மீண்டும் காதில் வைத்தபோது, அவர் இன்னும் இணைப்பில் காத்திருந்தார்.

"முடிஞ்சு போச்சு மாமா. உங்களுக்குத்தான் வீணா சிரமம் குடுத்துட்டேன்."

மறுமுனையில் அவர் சொன்னார்:

"எனக்கு மனசே ஆறலம்மா. உனக்கு இந்த வேலை அமையணும்னு வேண்டிக்கிட்டு, நேத்து பூசையில அந்தக் கேமராவை ஒட்டினாப்பல கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் வச்சேனே."