மட்டம் சரியில்லை

“மட்டம் சரியில்ல. பேத்துப் போடு!”

சொல்லிவிட்டு, வெள்ளைக் காலுறையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார் கிராணி ஜெயபாலன்.

காளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மறுபடியுமா? சோறு திங்கிற எவனாச்சும் இப்படிப் பண்ணுவானா?”

“சோறு எங்க புள்ள இருக்கு?” என்றான் அவள் புருஷன் வீரமுத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டே.

“வாய மூடுய்யா! உன்னாலதான் எனக்கு இந்தப் பாடு.”

மலாயாவில், கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் இப்போது ஜப்பான் அதிகாரி குடியிருந்தான். வீட்டு வாசலிலேயே கூடைப்பந்து ஆட அவனுக்கு ஒரு தரை வேண்டுமாம். சிமெண்டுக்கு எங்கே போவது? “நாங்களே போட்டுத் தர்றோம்” என்று முந்திரிக்கொட்டை மாதிரி வாயைக் கொடுத்தவர், தோட்டத்துக் கணக்கு எழுதும் இந்தக் கிராணிதான்.

புற்றுமண்ணைச் சலித்து, சுண்ணாம்பு கலந்து, திமிசுக் கட்டையால் இடித்து, சாணி போட்டு மெழுகினார்கள். ஆனால் ராத்திரி நன்றாக இருக்கிற தரை, விடிந்தால் ஏதாவது ஒரு மூலையில் பொத்தலாகிக் கிடக்கும். ரப்பர் பாலை உறையவைத்துச் செய்த பந்தைக் கிராணி அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவார். அது கோணிக்கொண்டு ஓடும்.

தரை முடிகிறவரை அந்த ஆட்கள் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அதிகாரியின் உத்தரவு. ஆள் ஏற்ற வந்த லாரியெல்லாம் வீரமுத்துவை ஏற்றாமல் போனது அதனால்தான். சயாமில் ரயில் பாதை போடப் போனால் அரிசி, உப்பு, துணி எல்லாம் கொடுப்பார்கள் என்று ஆள் சேர்க்க வந்தவன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். காளியம்மாவின் பிள்ளையோ மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தாலே வாயை இறுக்க மூடிக்கொண்டது.

“நாளைக்கு மறுபடியும் லாரி வருது அங்கம்மாக்கா. இந்தத் தரைய முடிச்சாத்தான் என் வீட்டுக்காரரு அதுல ஏற முடியும். ஜப்பான்காரனுக்கு ஜால்ரா அடிக்கிறான் அந்தாளு. அவன் சொகுசுக்கு என் பிள்ள பட்டினி கெடக்கணுமா?”

பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம் இப்படிப் பொருமிவிட்டு, லயத்துப் பெண்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போனாள் காளியம்மா. இருட்டுவதற்குள் இடித்து, மெழுகி, உள்ளங்கையால் தேய்த்து முடித்தார்கள். தரை அம்மன் கோயில் முற்றம் மாதிரி இருந்தது. இனி அந்த மனுசன் என்ன குறை சொல்லுவான், பார்க்கலாம்!

விடியற்காலையில், பெரட்டில் பேர் கொடுக்க ஆள் கூடும் முன்னமே அதைப் பார்க்க ஓடினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மூலையில் ஒருவன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தரையைக் கொத்திக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால், கிராணி!

“அடப்பாவி மனுசா! நீதானா? நீ உருப்படுவியா?”

“கத்தாத காளியம்மா!” கிராணிக்கு மூச்சு வாங்கியது. கை கொப்புளித்திருந்தது. “ஸ்டேசனுக்குச் சாமான் எடுக்கப் போறப்பல்லாம் பாக்குறேன். வடக்க போற ரயில்ல நம்ம சனங்க மூட்டை மாதிரி அடைஞ்சு போகுதுங்க. திரும்பி வர்ற பெட்டியில ஒருத்தனக்கூட காணோம். மூணே மாசத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போன என் தம்பியும் வரல.”

“அப்போ... அரிசி?”

“அரிசியாம் அரிசி! உன் புருஷன் வேணுமா, வேணாமா?”

காளியம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் லாரி வந்து நின்றது. பங்களாக் கதவு திறந்தது. பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதிகாரி படியிறங்கினான்.

“சூடா ஹபிஸ்?” முடிந்துவிட்டதா என்று மலாயில் கேட்டான்.

கையும் மண்வெட்டியுமாகச் சிக்கிய கிராணி பேயறைந்தவர் போல நின்றார்.

காளியம்மா அந்த மண்வெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். தான் பார்த்துப் பார்த்து மெழுகிய தரையில், நட்ட நடுவில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள்.

“பெலும், துவான், பெலும்! இன்னும் முடியல. மட்டம் சரியில்ல!”