நான்காவது மலை

மேற்கே வழி தேடிப் போன கேப்டன் ஆல்பிரிட்ஜ், எதிர்ப்பட்ட மலைக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். முதல் மலைக்கு ராஜா பெயர், இரண்டாவதற்கு ராணி பெயர், மூன்றாவதற்கு மாமியார் பெயர். உச்சி உடைந்த நான்காவது மலை எதிரே வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பொதி சுமந்த கழுதைகளையும் தின்று முடித்தாயிற்று.

"தொரை, இதுவும் அதே மலைதான்," என்றான் கழுதைக்காரன். "ஒத்த மலையத்தான் சுத்திச் சுத்தி வர்றோம். வந்த கணவாய்க்கு இப்பவே திரும்பினா பொழைப்போம். நாளைக்கு அதுவும் மூடிரும்."

"அப்போ ராஜாவும் என் மாமியாரும் ஒண்ணுங்கிறியா?"

கழுதைக்காரன் அண்ணாந்து, அதே உடைந்த உச்சியைக் கை நீட்டிக் காட்டினான்.

கேப்டன் தொப்பியைக் கழற்றி மலைக்கு மரியாதை செய்தார். கைவசம் வேறு பெயர் இல்லை. புறப்பட்ட நாளிலிருந்து கேட்காத ஒன்றை அப்போது கேட்டார்.

"உன் பேரென்ன?"

"டூலிங்க."

"டூலி மலை," என்று கேப்டன் உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

டூலி மறுபடி அண்ணாந்து பார்த்தான். உடைந்த உச்சி, இந்தப் பக்கமிருந்து பார்த்தால், கொஞ்சம் வேறு மாதிரிதான் இருந்தது.