ஆவிக்கு ஒரே குரல்

சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆவி பேச ஆரம்பித்தது.

நாவலாசிரியர் தன் முழங்கையைத் தடவிவிட்டுக்கொண்டார். எழுதியவரே அவர்தான். அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறைக்குள் உட்கார்ந்து என் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். இந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர், நாவலாசிரியர், ஓர நாற்காலியில் நான். கழுத்தைச் சுற்றிய துணி, மடியில் வெந்நீர் பிளாஸ்க் என்று, மகளுக்குத் துணைவந்த அம்மாவின் எல்லா லட்சணங்களும் என்னிடம் இருந்தன.

நாவலில் அந்த ஆவிக்கு அழிவே கிடையாது. கோட்டை கட்டியபோது சுவருக்குள் உயிரோடு வைத்துப் பூசப்பட்ட பணிப்பெண் அவள். உடம்பு செத்தது, குரல் சாகவில்லை. அரசர்கள் போய், படைகள் வந்து போய், கோட்டை அரசாங்க அலுவலகமான பிறகும் அவள் போகவில்லை. ஒரு தொண்டை ஓய்ந்தால் அடுத்த தொண்டைக்குக் குடிபோய்விடுவாள்.

யார் வாயிலிருந்து வந்தாலும் அதே குரல். ஊர் நடுங்குவதே அதைக் கேட்டுத்தான்.

அதனால்தான் நாவலாசிரியர் ஸ்டுடியோவுக்கே வந்திருந்தார். ஒலிநூலில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. நடுவில் வாசிப்பவருக்கு உடம்பு முடியாமல் போய், வேலை மாதக்கணக்கில் நின்றுவிட்டது. நாவலாசிரியர் வாசிப்பவரை நேரில் பார்த்தது கிடையாது. குரலைத்தான் தெரியும். அது ஒரு இழை மாறியிருந்தாலும் எல்லா அத்தியாயங்களையும் அழித்துவிட்டு, வேறு ஆளை வைத்து முதலிலிருந்து பதிவுசெய்ய வேண்டும் என்று பதிப்பகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த 'அழித்துவிட்டு' மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

வாசிப்பு தண்ணீர் மாதிரி ஓடியது. சிரிப்பில்தான் மாட்டிக்கொண்டாள்.

ஆட்கள் கோட்டைச் சுவரை இடித்துவிட்டுக் கைதட்டும்போது, ஆவி சிரிக்க வேண்டும். முதல் சிரிப்பு சினிமா வில்லியின் சிரிப்பு. இரண்டாவது, இருமலுக்குத் தங்கச்சி.

"முன்னாடி அத்தியாயத்துல சிரிச்சது இப்படி இல்லையே," என்று நாவலாசிரியர் புருவத்தை உயர்த்தினார்.

நான் எழுந்து கண்ணாடியருகே போனேன்.

"இந்தப் பட்டனை அழுத்திப் பேசுங்கம்மா, உள்ள கேக்கும்," என்றார் நாவலாசிரியர்.

"அவங்களுக்குச் சைகைதான் சார் வசதி," என்று ஒலிப்பதிவாளர் முந்திக்கொண்டார்.

நான் இல்லாத சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தேன். இல்லாத பேன்ட் பையைத் தட்டிப் பார்த்தேன். குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடினேன். இல்லாத வீட்டு ஆட்களையெல்லாம் சந்தேகமாக ஒரு முறை முறைத்தேன். கடைசியில் என் கையிலேயே இருந்த சாவியைக் கண்டுபிடித்து அசடு வழிந்தேன்.

அவள் அப்பா தினமும் வேலைக்குக் கிளம்புகிற அழகு அது. சாவி கையில்தான் இருக்கும். நானும் அவளும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம்.

உள்ளே அவளுக்கு அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் சட்டென்று பதிவை ஓடவிட்டார்.

நாவலாசிரியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இதேதான்! இதே சிரிப்புதான்!"

பாவம், என் வீட்டுக்காரரின் சாவிக்குப் பயந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"சுவரை இடிச்சுட்டா நான் போயிடுவேன்னு யார் சொன்னது?" என்று கேட்டு, ஆவி நாவலை முடித்தது.

"அதே குரல்ப்பா. நான்தான் வீணா பயந்துட்டேன்."

ஒலிப்பதிவாளர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். கழுத்துத் துணி லேசாக அசைந்தது.

நாவலாசிரியர் பையிலிருந்து இரண்டு பிரதிகளை எடுத்தார். ஒன்றில், வாசித்தவர் பெயரை வீட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இன்னொன்றைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"பெத்தவங்களுக்கும் ஒண்ணு குடுக்கணும் இல்லையா? உங்க பேர் சொல்லுங்கம்மா."

ஒலிப்பதிவாளர் கண்ணாலேயே 'வேண்டாம்' என்று கெஞ்சினார். பேனாவை வாங்கி வேறு ஏதோ ஒரு பெயரைக் கிறுக்கியிருந்தால் வம்பே இல்லை.

உள்ளே பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிநூலின் முடிவில் வாசித்தவர் யார் என்று சொல்ல வேண்டும். அவள் நாவலின் பெயரைச் சொன்னாள். எழுதியவர் பெயரைச் சொன்னாள். பிறகு, வாசித்தவர் என்று சொல்லி, என் பெயரைச் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வேனோ, அச்சு அசல் அப்படியே. என் தோழிகள் போனில் அவளை நான் என்று நினைத்துத் தங்கள் மாமியார் கதையையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள்.

நான் ஸ்பீக்கரைக் காட்டினேன்.

"அவங்க பேர் தெரியும்மா. உங்க பேரு?"

மறுபடி ஸ்பீக்கரைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினேன். கழுத்துத் துணியை விலக்கினேன். குரல்வளையை எடுத்த இடத்தில் ஒரு சின்னத் துவாரம், அவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தைத் தவிர மற்றதெல்லாம் நான் வாசித்தது. என் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருப்பதே அதுதான். அழிப்பதானால், தெரிந்தே அழிக்கட்டும் என்று தோன்றியது.

அவர் என் கழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பேனா அந்தரத்தில் நின்றது.

"எதையும் அழிச்சுடாதேப்பா," என்று ஒலிப்பதிவாளரிடம் மெதுவாகச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்த பிரதியை எடுத்து என் மடியில் வைத்தார். பிறகு பட்டனை அழுத்தி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்துக் கேட்டார்.

"உன் பேர் என்னம்மா?"